வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு பழைய அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். குற்றம் சொல்வதாக நினைக்காதீர்கள் சார். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன், கண் தானாக அங்கேதான் போகும்.

"குறை கண்டுபிடிக்கிறதுக்கா மாப்பிள்ளை சம்பளம் தர்றாங்க? உங்க மாமியார் நாப்பது வருஷமா சும்மாவே பண்றாங்களே" என்று என் மாமனார் கேலி செய்வார். நல்ல மனிதர். அவரைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

எங்கள் வார்டுகளில் நரம்பில் மருந்து ஏற்றும் பம்புகள் நூற்றுப்பத்து இருக்கின்றன. பம்பில் குறையில்லை. அதை ஓட்டும் சாஃப்ட்வேரில்தான் குறை. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும், யார் என்று கேட்காமல், பாஸ்வேர்டு கேட்காமல், சொன்ன வேகத்தில் மருந்தை ஏற்றும். திறந்த வீட்டில் நாய் நுழைகிற மாதிரி யாரும் நுழையலாம். இதைக் கண்டுபிடித்து மூன்று வருடமாகிறது.

பம்ப் செய்த கம்பெனிக்குப் பதினொரு கடிதம் எழுதினேன். பதினொன்றுக்கும் ஒரே பதில். "தங்கள் அக்கறைக்கு நன்றி. இதுவரை நோயாளிகள் யாரும் பாதிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை." ஆறாவது கடிதத்துக்குப் பிறகு டை கட்டிய ஒருவரை அனுப்பினார்கள். அவர் கண்முன்னால் ஒரு பம்பின் குழாயை வாளிக்குள் விட்டு, எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டியதைப் பத்து நிமிடத்தில் இறக்கிக் காட்டினேன். அவர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"வாளிக்கு ஒண்ணும் ஆகலையே சார்" என்றார். என் மேலதிகாரியும் சேர்ந்து சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, மறைக்க மாட்டேன்.

வக்கீலிடம் போனேன். பம்ப் வாங்கியபோது ஆஸ்பத்திரி கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் புரட்டினார். சாஃப்ட்வேரில் எந்தக் குறை இருந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது. "இதை உடைக்கலாம்ங்க. ஆனா பாதிக்கப்பட்டவர் யாரு? ஆளே இல்லாம யாருக்காகக் கேஸ் போடுறது?" என்றார். அவர் மேல் தப்பில்லை. சட்டம் அப்படி.

நீங்களே சொல்லுங்கள். ஒரு ஆள் இல்லை என்பதுதான் மொத்தக் குறையும். மற்ற எல்லாம் என் ஃபைலில் தயாராக இருந்தது.

போன மாதம் மாமனாருக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. வலி தெரியாமல் இருக்க அந்தப் பம்பில்தான் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வயது எழுபத்து நாலு, வாழ்ந்து முடித்தவர். பக்கத்துப் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். அவரையும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் கம்பெனி ஆள் நாலு நாள் வந்து நைசாகப் பேசினால் அவர் வீட்டார் சமாதானமாகிவிடுவார்கள். என் மனைவி அப்படி இல்லை, உடும்புப் பிடி. மிக்ஸி மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று ஏழு மாதம் கடைக்கு நடந்து மாற்றிக்கொண்டு வந்தவள். சொந்த அப்பாவுக்கு ஒன்று என்றால் சும்மா விடுவாளா?

மாமனாரிடம் கேட்காமல் செய்யவில்லை. கடிதங்களைப் பற்றியெல்லாம் அவருக்குத் தெரியும். புதன்கிழமைகூடச் சொன்னார். "ஒரு உசுரு போனாத்தான் மாப்பிள்ளை அவனுங்களுக்குப் புத்தி வரும். விடாதீங்க, நான் உங்க பக்கம்." அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை, பார்வையாளர் நேரம். கீழே என் அறையில் உட்கார்ந்து அவருடைய பம்பின் எண்ணைப் போட்டு வேகத்தை மாற்றினேன். ஒரு நிமிட வேலை. பிறகு மேலே போனேன். என் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அசந்து தூங்குகிறார் என்று நினைத்து ஃபேனைக் குறைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். "பாவம்ங்க, நேத்தெல்லாம் தூங்கவே இல்ல" என்றாள். ஆமாம் என்றேன். அலாரம் அடிக்கவில்லை. அடிக்காது என்று ஐந்தாவது கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன், எடுத்துப் பாருங்கள். அவருக்கு மூச்சு நிற்க இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவள் பக்கத்தில்தான் நின்றேன்.

திங்கட்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார், உண்மைதான். அதற்குப் பிறகு பம்ப் கழற்றிவிடுவார்கள். எனக்கும் வேறு நாள் இல்லை.

கம்பெனி அறிக்கையை நேற்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள். கருவி தனக்கு வந்த உத்தரவைச் சரியாகவே நிறைவேற்றியதாம். தனிமனிதன் ஒருவனின் குற்றத்துக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்டிருக்கிறார்கள். மற்ற நூற்றொன்பது பம்பும் இன்றைக்கும் வார்டில் அப்படியேதான் ஓடுகின்றன. இப்போதாவது தெரிகிறதா, இவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று?

என் மனைவி கொடுத்த புகாரையும் பார்த்தேன். நான் நினைத்தபடியே விடவில்லை. என் வீட்டிலிருந்து சமாதானம் பேசப் போனவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாளாம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அப்பாவைக் கொன்றவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாள், கம்பெனியின் பெயர் எங்குமே இல்லை. துக்கத்தில் கை தவறியிருக்கும். ஒரு பேனா கொடுங்கள் சார். கம்பெனியின் முழு விலாசமும் எனக்கு மனப்பாடம். எழுதித் தருகிறேன், அவளிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.