மூடுகல்

பயணத்துக்கு நான் அதிகம் எடுத்துக்கொண்டு போகிறவன் இல்லை, ஐயா. இரண்டு சட்டை, ஒரு டார்ச். திரும்பும்போதுதான் பை கொஞ்சம் கனக்கும்.

ஏழு வருடத்தில் நானும் என் மனைவியும் பதினான்கு பழைய இடங்களைப் பார்த்தோம். குறுகிய இடமென்றால் ஒருவர்தான் உள்ளே நுழைவோம். உள்ளே இருப்பவர் கல்லில் இரண்டு தட்டு தட்டினால் நலம் என்று பொருள். வெளியே இருப்பவர் பதிலுக்கு ஒரு தட்டு. அது அவள் போட்ட விதி.

அந்தக் குன்றில் இருந்தது கற்பலகைகளால் ஆன ஈம அறை. வழிகாட்டி மூடுகல்லைக் கடப்பாரையால் நெம்பி, ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார்.

"உள்ள இருக்கிறவங்க எங்க பாட்டன் பூட்டன், தம்பி. பாருங்க, கை வைக்காதீங்க. முடிஞ்சதும் கட்டையைத் தட்டி விட்டுடுங்க, கல்லு தானா உக்காந்துக்கும்."

முதல் நாள் நான் உள்ளே போனேன். மறுநாள் காலை என் காலுறைக்குள் ஏழு சிவப்புக் கல்மணிகளை அவள் பார்த்துவிட்டாள்.

"மியூசியத்துல சம்பளம் பத்தலைன்னு பொணத்துகிட்ட கை நீட்டுறியா? அப்போ வீட்டு அலமாரியில இருக்கிறது எதுவும் கடையில வாங்கினது இல்ல."

நானே திரும்ப வைத்துவிடுகிறேன் என்றேன்.

"உன்னை அனுப்பினா இன்னும் நாலு எடுத்துட்டு வருவ. நான் வைக்கிறேன். அப்புறம் அந்த மனுஷன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவோம்."

எல்லாம் என்றால் அலமாரியில் இருந்த பதினோரு பொருள்கள். என் வேலை. ஒருவேளை சிறை.

வழிகாட்டி மறுபடி கல்லை நெம்பிக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவள் தவழ்ந்து உள்ளே போனாள். இரண்டு தட்டு. நான் ஒரு தட்டு. பிறகு கட்டையைத் தட்டி விட்டேன். கல் சரியாக உட்கார்ந்தது. விளிம்பில் கீறல்கூட இல்லை.

கீழே வந்து, குளிக்க ஆற்றில் இறங்கியவள் ஏறவில்லை என்றேன். நான்கு நாள் தேடினார்கள். வழிகாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, அதிர்ச்சி என்றார்கள்.

நேற்று நீங்கள் கல்லைத் தூக்கியபோது ஏழு மணிகளும் அங்கே இருந்தன அல்லவா. ஆகவே அந்த இடத்திலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைத் தனியாக விட்டதாகவும் எழுத வேண்டாம். தினமும் மேலே போனேன். அந்தக் கல்லைத் தாண்டிக் குரல் வராது, தட்டினால் கேட்கும். அவள் தட்டியபோதெல்லாம் ஒரு தட்டு தட்டினேன். மூன்றாம் நாள் நானாகத் தட்டியும் பதில் இல்லை. கோபம் வந்தால் அவள் அப்படித்தான். தணிந்ததும் பேசுவாள் என்று இறங்கி வந்துவிட்டேன்.