துரை சொன்னதன் பொருள்

மழைக்காலத்தில் நோர்வூட் தேயிலை மலைப் பக்கம் ஆங்கிலம் படித்தவனுக்குப் பேச்சுத்துணை கிடைப்பது கடினம், ஐயா. அதனால் தோட்டத்தை நடத்தப் புது வெள்ளைக்காரத் துரை வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். அவருக்குத் தமிழ் வராது. நான் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். அவர் சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலையாயிற்று.

அவர் வாயில் ஓயாமல் வரும் வசவு 'பாஸ்டர்ட்'. அகராதியைப் பார்த்தால் தகப்பன் பெயர் தெரியாதவன். கோபத்தில் சொன்னால் நாயே என்பதுபோல. சீட்டில் ஜெயித்த நண்பனைச் சொன்னால் அதிர்ஷ்டக்காரன். முன்னால் 'புவர்' சேர்ந்தால் வசவே இல்லை. பாவம் மனுசன், அவ்வளவுதான்.

என்னைக் 'கிளெவர் பாஸ்டர்ட்' என்று தோளில் தட்டுவார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். மனைவி குணபூசணி கேட்டபோது அப்படித்தான் சொன்னேன். அவள் ஹட்டனில் வாத்தியாராக இருக்கும் தன் தம்பியிடம் விசாரித்திருக்கிறாள். அன்று சோறு போடும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு துரையின் குரல் கேட்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் கேட்டது.

மூக்கன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் பெண்சாதி பேச்சியம்மா, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிள்ளை பெற்றதோடு போய்விட்டாள். அவளைப் புதைத்துவிட்டு அவன் வேலைக்குத் திரும்பிய காலை, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் துரை அவனைப் பார்த்தார். வருத்தம் வந்தால் அவருக்கு உதடு கோணும். பழகாதவர்களுக்குச் சிரிப்பதுபோல் இருக்கும்.

"புவர் பாஸ்டர்ட்" என்றார்.

மூக்கன் என் பக்கத்தில் வந்தான். "தொரை என்னாங்க சொல்றாரு?"

அவன் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்ததைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னேன்:

"உன்ர பிள்ளை ஆருக்குப் பிறந்ததோ எண்டு சொல்லுறார்."

"செத்தவளையாங்க?" மெதுவாகத்தான் கேட்டான்.

"ஓம்."

துரை விழுந்த பின்னும் அவன் வெட்டினான், தேயிலைச் செடியை வெட்டும் அதே சாய்வில். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

நீதிமன்றத்தில் மூக்கன் வாயே திறக்கவில்லை. அந்தப் பேச்சைச் சபையில் திருப்பிச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. துரை கடைசியாகச் சொன்னதற்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்டார்கள். கேவலமாகப் பேசி அவனுக்கு ரோஷமூட்டினார் என்று நான் சொல்லியிருந்தால் அவன் தூக்கிலிருந்து தப்பியிருப்பான். அது எனக்குத் தெரியும். இரக்கப்பட்டுச் சொன்னார், வேறொன்றுமில்லை என்றேன். கூண்டிலிருந்து என்னையே பார்த்தான்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நீதிமன்றத்தில் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் கிடையாது.