பனி மெசினுக்கு லைட்

குச்சவெளி பஸ் திருகோணமலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தார்கள். தங்கச்சியின் போனில் கனடாவிலிருந்து வந்த வீடியோ ஓடியது.

"தம்பி பனி தள்ளுற மெசினுக்கு எல்.ஈ.டி லைட் பூட்டிட்டான், அக்கா."

"ஏனாம்?"

"அம்மாதானே சொன்னவ. பழைய பல்பு குப்பி விளக்கு மாதிரி, விடியக்காலமை இருட்டில மெசின் கையை வெட்டிப்போடும், நல்ல லைட்டாப் போடு எண்டு."

"அவ பனியைக் கண்டவவோ!"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அம்மாவுக்குக் காட்டச் சொல்லுறான்."

"நீ என்ன சொன்னனீ?"

"அம்மா பாத்திட்டா, அவவுக்கு நல்ல சந்தோசம் எண்டு போட்டனான்."

"நாளைக்கு அம்மான்ர முப்பத்தோராம் நாள் கிரியை, பிள்ளை. இன்னும் அவனுக்குச் சொல்லாமல் இருக்கிறதோ?"

"சொன்னா ஓடி வந்திடுவான். அவன்ர அகதிக் கேஸ் முடியேல்ல. வந்தா திரும்பிப் போக ஏலாது."

நிலாவெளி தாண்டும்போது போன் சத்தம் போட்டது. தங்கச்சி வாசித்துவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னவாம்?"

"வெளிச்சம் போதுமோ எண்டு அம்மாவையே ஒருக்கா வொயிஸ் போடச் சொல்லுறான்."