மூன்றாம் மாடியின் அமைதி

தீ எச்சரிக்கை மணி மறுபடியும் வீறிட்டது. பக்கத்து அறை மான்-ஹோ அண்ணன் பொதுச் சமையலறையில் ராம்யொன் நூடுல்ஸ் கொதிக்க வைத்திருந்தார். அந்த ஆவிக்கே அலறும் மணி அது. மார்ச்சில் மட்டும் ஐந்தாவது தடவை.

நோர்யாங்ஜின் விடுதிகளில் அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பேனாவைச் சொடுக்கினாலே கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவார்கள். மூன்றாம் மாடிக்கு நான் மேற்பார்வையாளன் என்பதால் புகார்ச் சீட்டெல்லாம் எனக்கு. 'பதினான்காம் அறைக்காரர் மூச்சுவிடுவது கேட்கிறது' என்றுகூட ஒன்று வந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினேன். எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்தேன்.

"இனிமே உலகமே இடிஞ்சாலும் எங்களுக்குத் தெரியாதுடா தம்பி," என்று மான்-ஹோ அண்ணன் சிரித்தார். "இந்தத் தடவையும் கோட்டை விட்டா எதைக் குறை சொல்லுவே? என் வயித்துச் சத்தத்தையா?"

நான் சிரிக்கவில்லை. ஐந்து முறை தோற்றவன். நான் ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அன்றே மணியின் கம்பியைப் பிடுங்கினேன். மறுநாள் என் கதவில் ஒரு சீட்டு: 'நன்றி. இப்போதுதான் படிப்பில் மனம் நிற்கிறது.'

செவ்வாய் பிற்பகல் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். நூறு கேள்வி, நூறு நிமிடம். எண்பத்து மூன்றை முடித்தபோது கதவின் அடியில் புகை வந்தது. ஈரத்துண்டால் இடுக்கை அடைத்தேன். என் அறைக்கு ஜன்னல் உண்டு. மான்-ஹோ அண்ணன் அறைக்குக் கிடையாது. நடைவழி எரிந்ததால் அவர் எங்கள் நடுச்சுவரைத் தட்டினார். முதலில் கையால், பிறகு நகத்தால். வெறும் பலகைச் சுவர்தான். ஓர் உதைக்குத் தாங்காது. எனக்குப் பயமாக இருந்தது, பதினேழு நிமிடத்தில் பதினேழு கேள்வி. காதடைப்பானை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டேன்.

விடைகளைச் சரிபார்த்தேன்: தொண்ணூற்று நான்கு மதிப்பெண். அதுவரை அவ்வளவு வாங்கியதில்லை. பிறகு ஜன்னல் வழியாகக் குழாயைப் பிடித்து இறங்கினேன். மேலே எட்டு பேர் இறந்தார்கள்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். படிப்பு நேரத்தில் அந்த மாடியில் யாரும் குரல் எழுப்பக்கூடாது. அந்த விதியை எழுதியவனே நான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனி ஒரே ஒரு உதவி.

"சார், தேர்வுக்கு நாலு நாள்தான் இருக்கு. வெளியே மான்-ஹோ அண்ணனோட அம்மா அழறாங்க, கொஞ்சம் மெதுவா அழச் சொல்றீங்களா?"