பெட்டியை அணைத்தால் முள் அசையாது

பகலில் தூங்குபவனுக்குச் சோறு செரிக்காது. கல்லூரியில் தோற்றுப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கோட்டாற்றில் ஒரு மில்லில் வருடக்கணக்காக இரவு ஷிப்ட் பார்த்தவன் நான், அனுபவித்துச் சொல்கிறேன். இரவெல்லாம் தனியாகக் கிடக்க முடியாது என்று என் மனைவி செசிலி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பகல் வேலை கிடைத்தால் வருவதாகச் சொன்னாள். அந்த வேலையை வாங்கித் தந்தவன் அவளுடைய தம்பி தேவகுமார்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் என்ன கனிமம் இருக்கிறது என்று வானத்திலிருந்து அளக்க ஒரு சிறிய விமானம் வந்திருந்தது. அஞ்சுகிராமத்துக்கு வெளியே பொட்டலில் அது இறங்கும். மணலை அளக்கும் பெட்டியோடு தேவகுமார் மேலே போவான். எனக்குத் தரையில் ரேடியோ வேலை. நான் அனுப்பும் அலை வரும் திசையை விமானத்துக்குள் ஒரு முள் காட்டும். மேகத்தில் கண் தெரியாவிட்டால் அந்த முள்ளை நம்பித்தான் விமானி திரும்பி வர வேண்டும்.

விமானத்தில் எந்த மின்கருவியைப் புதிதாக வைத்தாலும் ஒரு விதி உண்டு. எஞ்சினை ஓட்டி, எல்லாக் கருவிகளையும் ஒன்றாகப் போட்டு, முள்ளைப் பார்க்க வேண்டும். அசைந்தால் பறக்கக் கூடாது. முதலில் யாரும் இல்லாதபோது நானே சோதித்துப் பார்த்தேன். பெட்டியைப் போட்டதும் முள் வலப்பக்கம் சாய்ந்தது. அதன் கம்பிக்கு உலோக உறை போட்டால் தீர்ந்துவிடும். உறை பெங்களூரிலிருந்து வர வேண்டும். அதற்குள் மழை பிடித்துவிடும், முகாமைக் கலைத்துவிடுவார்கள். செசிலி அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள்.

முகாம் தலைவர் பார்க்க நடந்த சோதனையில் நான் பெட்டியைப் போடவில்லை.

“அத்தான், நம்ம பெட்டியப் போடண்டாமா?” என்றான் தேவகுமார்.

“வேண்டாம் மக்கா. அது தனி. முள்ளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“காலேஜ்ல தோத்தவரு சொன்னா பத்தாங்கிளாஸ்ல தோத்தவன் கேக்கணும்லா,” என்று சிரித்தான்.

முள் அசையவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யல்ல. அசையவில்லை.

பிறகு எல்லா நாளும் நல்ல வெயில். யாருக்கும் முள் தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மேகம் தரைவரை இறங்கியது. விமானம் மேற்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் எனக்கே கேட்டது. பொட்டலை நோக்கி வராமல், தெற்கே மருந்துவாழ்மலைப் பக்கம் போயிற்று.

ரேடியோவில் தேவகுமார் வந்தான். “அத்தான், முள்ளு ஒரு மாதிரி இழுக்குன்னு பைலட் சொல்லுகாரு. பெட்டிய அணைச்சுப் பாக்கட்டா?”

அணை என்று சொன்னால் அணைத்திருப்பான். முள் நேராகியிருக்கும். வந்து சேர்ந்திருப்பார்கள். ஆனால் தலைவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். பெட்டியை ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்டிருப்பார். நான் மில்லுக்குத் திரும்பியிருப்பேன்.

“வேண்டாம் மக்கா. அது தனி. முள்ளப் பாத்து வரச் சொல்லு.”

“சரி அத்தான்.”

கொஞ்ச நேரத்தில் மலைப் பக்கம் எஞ்சின் சத்தம் நின்றது.

நேற்று செசிலி கேட்டாள். “கடைசியா அவன் என்னவாக்கும் பேசினான்?”

“சரி அத்தான்னு சொன்னான்,” என்றேன்.

மேகம்தான் காரணமா என்று விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்கிறீர்கள். இல்லை. விமானியையும் தேவகுமாரையும் நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். சோதனை நாளில் சொன்னதைத்தான் அன்றும் சொன்னேன். வார்த்தையை மாற்றியிருந்தால் அவன் அதன்பிறகு என்னை நம்பியிருக்கமாட்டான்.