தொரையின் முன்பல்

கினிப்பன்றிக்குக் கரட்டை மெல்லியதாகத் துருவிக் கொடுத்தால், முன்பல் இல்லாவிட்டாலும் தின்றுவிடும். முழுதாகக் கொடுத்தால் கடித்தெடுக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பலருக்கு இது தெரியாது. எனக்கும் முதலில் தெரியாது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா என் பொறுப்பில் இருக்கிறது. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். சுவரில் அந்தோனியார் படமும் பிள்ளையார் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. சாப்பிடுமுன் இரண்டு பேரையும் கும்பிடச் சொல்வேன். தன் தட்டிலிருந்து ஒரு வாய் சோறு கொடுக்கப் பழகிய பிள்ளை வளர்ந்து யாருக்கும் கெடுதல் செய்யாது என்று நம்புகிறவள் நான்.

கினிப்பன்றியை லிந்துலையிலிருந்து வந்த ஒரு ஆசிரியை கொடுத்துவிட்டுப் போனார். தின்பதும் வெயிலில் படுத்துக் கிடப்பதுமாக இருந்ததால் பிள்ளைகள் அதற்குத் தொரை என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்து மேலாளரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒருநாள் தொரை மேசையிலிருந்து விழுந்து மேல் முன்பல்லை உடைத்துக்கொண்டது. தாய்மாருக்கு ஒரே சிரிப்பு.

"தொரைக்கு பல்லு போச்சாமே. இனி நம்மள எப்புடிங்க வெரட்டுவாரு?" என்றாள் நாகலெட்சுமி.

நுவரெலியாவில் மிருக வைத்தியரிடம் காட்டினேன். இதற்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், உடைந்தது சில வாரங்களில் வந்துவிடும் என்றார். அதுவரை எதிர்ப்பல் நீண்டுவிடாமல் நறுக்க வேண்டுமாம். பல் நறுக்கும் சிறிய குறடு ஒன்றைக் காட்டி, தலையை எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லித் தந்தார். அதே மாதிரி ஒன்றை ஹட்டனில் வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரங்களில் காம்பராவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிடுங்கிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருந்த பிள்ளைகள் வரிசையில் நின்று துருவிய கரட்டை உள்ளங்கையில் நீட்டினார்கள். தொரைக்கு வலிக்கும் என்று மெதுவாகப் பேசினார்கள். கிருஷாந்தியின் மகன் கிஷாந்த் நான்கு வயதுப் பையன், மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறவன். அவன்கூடத் தன் சட்டை நுனியால் தொரையின் வாயைத் துடைத்துவிட்டான்.

பல் வளர்ந்தது. தொரை தானாகத் தின்னத் தொடங்கியது. யாரும் கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே கிஷாந்த் நாகலெட்சுமியின் மகளைக் கன்னத்தில் கடித்துவைத்தான்.

ஆகவே குறட்டை எடுத்தேன். முன்பல் வளர வளர நறுக்கினேன். பிள்ளைகள் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு முறையும் நறுக்கியபின் தொரையை நெஞ்சோடு அணைத்துத் தடவிக்கொடுப்பேன். அது என்னிடம் பயந்ததாக நான் நினைக்கவில்லை. அசையாமல்தான் இருக்கும்.

மழை பிடித்தபோது தொரை செத்துப்போனது. குளிர் தாங்கவில்லை. பிள்ளைகள் பூ வைத்துப் புதைத்தார்கள். பிறகு கிஷாந்த் பழையபடி கடிக்கத் தொடங்கினான். அவன் இருந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று தாய்மார் கூடிவந்து சொன்னார்கள். அவனை நிறுத்திவிடும்படி தோட்ட அலுவலகத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள். கிருஷாந்தியின் புருஷன் கொழும்புக்குப் போனவன், திரும்பவில்லை. பிள்ளையை விட இடமில்லாவிட்டால் அவள் மலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் அந்த வீட்டில் உலை கொதிக்காது.

"பெற்றீசியாக்கா, நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்," என்றாள். "நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

"அழுவாத புள்ள. நான் பாத்துக்கிறேன்."

சொன்னதைச் செய்கிற வழக்கம் எனக்கு உண்டு. மற்றப் பிள்ளைகள் பகலில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் மடியில் வைத்துக்கொண்டேன். குறட்டைச் சுடுதண்ணீரில் கழுவியிருந்தேன். மேல் முன்பல், ஒன்றே ஒன்று. பால் பல்தான். எப்படியும் விழப்போவது, திரும்ப முளைப்பது. பிறகு அவனையும் தடவிக்கொடுத்தேன். அவனும் அசையவில்லை.

படியில் விழுந்துவிட்டான் என்று சொன்னேன். கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து ஓடிவந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுகிறவர்கள் தாய்மார். காம்பராவில் நடந்ததைப் பற்றி என் வாய்ச்சொல்லே அவர்களுக்குப் போதும். மகள் கடிபட்ட நாகலெட்சுமியே உட்கார்ந்து வாழைப்பழத்தை மசித்து அவனுக்கு ஊட்டினாள்.

"பாவம், வாயெல்லாம் வீங்கிக் கெடக்கு. இவன எங்கக்கா அனுப்புறது? இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

பிள்ளைகளும் கையில் எதையாவது வைத்துக்கொண்டு அவனைச் சுற்றி நின்றார்கள். கிருஷாந்தி மறுநாளும் மலைக்குப் போனாள். கிஷாந்த் அதற்குப்பின் யாரையும் கடிக்கவில்லை. அதிகம் பேசுவதும் இல்லை. அடக்கம் வந்திருக்கிறது.

விழுந்து உடைந்த பல் இப்படி நேராக வெட்டுப்பட்டிருக்காது என்று கிஷாந்தின் வாயைப் பார்த்த பல் வைத்தியர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவர் சொன்னது சரி. நான்தான் நறுக்கினேன். இதற்கு முன் யாராவது கேட்டிருந்தாலும் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன்.

நீங்கள் என்னை இந்தப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கும்வரை காம்பராவை யார் பார்ப்பார்கள் என்பதுதான் என் கவலை. போன வாரம் சுதர்ஷினி தன் மகளைக் கொண்டுவந்து விட்டாள். மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது அந்தப் பிள்ளை. விளையாட யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அவளுக்கென்று நான் இன்னும் ஒன்றும் செய்து கொடுக்கவில்லை.