படத்தில் விழாத வலி

போடியிலிருந்து தேனிக்குப் போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஓரகத்திகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். என் மடியில் தூங்கும் மகள் அவர்கள் சத்தத்தில் விழித்துவிடுவாளோ என்று முதலில் பயந்தேன். மூத்தவர் தன் தாடை எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒனக்குத் தாடை மூட்டுத் தேய்மானம் படத்துலயே விழுந்துருச்சு. குடுத்து வச்சவ."

"வலியில என்னக்கா குடுத்து வைக்கிறது?"

"அத்தை ஒனக்கு மட்டும் கஞ்சி வச்சுத் தர்றாக. ஒண்ணுமே விழாத எம் படத்தப் பாத்தா, நடிக்கிறேன்னுல்ல சொல்வாக."

"ஒங்களுக்கு எலும்புல ஒண்ணுமில்லைன்னுதான் டாக்டர் சொன்னாக. மூட்டுக்குள்ள சவ்வு விலகியிருந்தா இந்தப் படத்துல தெரியாதாம், மதுரையில ஸ்கேன் எடுக்கணுமாம். நீங்கதான் முழுசாக் கேக்காம கோவிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டீக."

மூத்தவர் வாயைத் திறந்து மூடினார். அவர் தாடை சொடுக்கிய சத்தம் எனக்கே கேட்டது.

"இத அத்தைகிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா நம்ப மாட்டாக."

இளையவர் எக்ஸ்ரேயை வாங்கி உறைக்குள் வைத்தார்.

"சொல்றேன்க்கா. ஆனா கொஞ்ச நாள் கழிச்சு. அதுவரைக்கும் நான் மட்டும் கஞ்சி குடிச்சுக்கிறேன்."